இரண்டாவது சரணத்தில் கேட் சத்தம்

மார்ச் 4, செவ்வாய்

சமையலறைக் குழாயைப் பார்க்க ஆள் வந்தார். வாஷர் தேய்ந்துவிட்டதாம், மாற்றினார். சுவருக்குள்ளிருந்தும் அவ்வப்போது ஒரு முனகல் வருகிறது என்றேன். அவர் நின்ற நேரமாகப் பார்த்து அது முனகவில்லை. நான் பொய் சொல்கிறவன் போல ஆகிவிட்டது. "அடுத்த தடவ சத்தம் வர்றப்போ ஃபோன்ல பிடிச்சு அனுப்புங்க சார். கேட்டுட்டு அதுக்கான சாமானோட வர்றேன்" என்றார். எண்ணைப் பதிந்துகொண்டேன். பெயர் கேட்க மறந்துவிட்டது. 'குழாய்' என்று போட்டேன்.

மாலையில் செல்பேசி தானாக ஒரு அறிவிப்பைக் காட்டியது. மருமகளின் புதிய பாட்டு வெளியாகியிருக்கிறது. பாட்டுச் செயலியில் அவளைப் பின்தொடர்ந்துகொண்டிருப்பதே எனக்கு மறந்திருந்தது.

இல்லை, மறக்கவில்லை. யாருக்காக இப்படி எழுதுகிறேன்? தினமும் அவள் பக்கத்தைத் திறந்து பார்க்கிறவன்தானே.

பாட்டை மூன்று முறை கேட்டேன். கிதாரும் அவள் குரலும் மட்டும். இரண்டாவது சரணத்தில், அவள் மூச்சு எடுக்கும் இடத்தில், தூரத்தில் ஒரு சத்தம். இரும்பு எதிலோ மோதி, பின்னாலேயே சின்னதாக ஒரு கிளிக்.

நம் வீட்டு வாசல் கேட் போல இருக்கிறது.

மார்ச் 5, புதன்

கேட்தான்.

மார்ச் 6, வியாழன்

'மருமகள்' என்று நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். கோர்ட்டில் கையெழுத்தாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. 'முன்னாள் மருமகள்' என்று எழுதிப் பார்த்தேன்; பதவி போன அமைச்சர் மாதிரி இருக்கிறது. மகனுக்கும் அவளுக்கும் உறவு முடிந்த தேதி காகிதத்தில் இருக்கிறது. எனக்கும் அவளுக்கும் எந்தத் தேதியில் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. முப்பது வருஷம் நூலகத்தில் நூற்பட்டியல் எழுதியவன் நான். எந்தத் தலைப்பின் கீழும் அடங்காத புத்தகத்தைப் 'பல்வகை' என்று போட்டு ஒப்பேற்றிவிடுவோம். ஒரு பெண்ணை அப்படிப் போட முடியுமா? மருமகள் என்றே எழுதுகிறேன். என் நோட்டு, என் இஷ்டம்.

இந்த வீட்டில் நாலு வருஷம் இருந்தாள். மாடி அறையில் பழைய மெத்தையைச் சுவரில் சாய்த்து, ஜன்னலுக்குப் போர்வை போட்டு, அங்கேதான் பதிவு செய்வாள். பதிவு நடக்கும்போது மாடிக் கம்பியில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கும். நான் மாலை நடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, துண்டு தொங்கினால் இன்னொரு சுற்று போய் வருவேன். சில நாள் கால் கெஞ்சும். ஆனாலும் பிடித்திருந்தது. வீட்டில் ஒரு காரியம் நடக்கிறது, அதில் எனக்கும் ஒரு பங்கு, நடப்பதுதான் என் பங்கு என்று.

ஒரு நாள் திடீர் மழை. துண்டைப் பார்க்காமல் ஓடி வந்துவிட்டேன். காற்று கேட்டைப் பிடுங்கித் தூணில் அடித்தது. மாடியில் பாட்டு நின்றது. நான் படிக்கட்டுக்குக் கீழே, நனைந்த செருப்போடு, மூச்சு விடாமல் நின்றேன். அவள் இறங்கி வந்து ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கேட்டைச் சத்தமில்லாமல் திறக்கப் பழகினேன். இடது கையால் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கொண்டியை மேலே தூக்கி, மெல்ல. கீலுக்கு எண்ணெயும் விட்டேன்.

ஆக, இங்கே இருந்தபோது பதிவு செய்ததைத்தான் இப்போது வெளியிட்டிருக்கிறாள்; பாட்டில் இருப்பது அந்தச் சத்தம். அவள் கவனிக்காமல் விட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா? கவனிக்காமல் விடுகிற ஆள் இல்லை.

அப்படியென்றால் என்னை அதில் விட்டுவைத்திருக்கிறாள்.

இதை எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

மகன் வந்தான். ஊரின் மறு கோடியில் இருக்கிறான். ஞாயிறு தவறாமல் வந்துவிடுவான். சின்ன வயதிலிருந்து கேட்டைக் கையால் திறந்ததில்லை, காலால் ஒரு தள்ளு. தூணில் மோதும். வருகிறான் என்று நாலு வீட்டுக்குத் தெரியும்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களாப்பா?"

"ம்."

"பி.பி. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"வேற என்ன?"

"வேற ஒண்ணுமில்ல."

இரண்டு பேரும் தொலைக்காட்சியைப் பார்த்தோம். பாட்டைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு விளம்பர இடைவேளையில் யோசித்தேன். இந்த வீட்டில் அவளைப் பற்றிப் பேசுவது நின்று வெகு காலமாகிறது. யாரும் தடை போடவில்லை. தானாக நின்றது.

மார்ச் 12, புதன்

ஒரு காணொளி பார்த்தேன். கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல் தனியாகப் பாட்டு செய்கிறவர்களை நாம் எப்படி ஆதரிப்பது என்று ஒரு பெண் சொல்கிறாள். நல்ல தெளிவு. கேட்கிறவர்கள்தான் அவர்களுக்குக் கம்பெனி என்றாள். பாட்டைச் சேமித்து வையுங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள், கருத்து எழுதுங்கள், நண்பர்களுக்கு அனுப்புங்கள். குறிப்பு எடுத்துக்கொண்டேன்.

நண்பர்களுக்கு அனுப்புவதற்காகச் செல்பேசியில் பெயர்களைப் பார்த்துக்கொண்டே போனேன். பல் டாக்டர். கண் டாக்டர். கேஸ். மருந்துக்கடை அம்மா. மகன். மகன் ஆபீஸ். நூலக நண்பர்கள் இருவர். இரண்டு பேரும் இப்போது இல்லை, எண்ணை அழிக்க மனம் வரவில்லை. மருந்துக்கடை அம்மாவுக்கும் குழாய்க்கும் அனுப்பினேன். குழாய்க்கு ஏன் அனுப்பினேன்? வேறு யாரும் இல்லை, அதனால்தான்.

பிறகு கருத்து. 'அருமை' என்று எழுதினேன், அது எல்லோரும் எழுதுவது. மூன்று பத்தி எழுதினேன், அது யாரும் படிக்காதது. மதியம் முழுக்கத் திருத்தி, கடைசியில் 'இரண்டாவது சரணம் மிகவும் நன்றாக இருக்கிறது' என்று போட்டேன். பெயர்: ஒரு நேயர்.

படுக்கப்போகும் முன் பார்த்தால் அதற்கு ஒரு இதயம் போட்டிருக்கிறாள். எல்லாருக்கும் போடுவாள்தான்.

மார்ச் 13, வியாழன்

குழாய்க்காரரின் பதில், குரல் பதிவாக: "ரெண்டு தடவ கேட்டேன் சார். இது பைப் சத்தம் இல்ல. யாரோ பாடுறாங்க. பக்கத்து வீடா இருக்கும்."

மார்ச் 17, திங்கள்

திரும்பத் திரும்பக் கேளுங்கள் என்றாளே அந்தக் காணொளிப் பெண், அதை முறையாகச் செய்யலாம் என்று தோன்றியது. அலமாரியைத் துழாவினேன். என்னுடைய பழைய செல்பேசி ஒன்று, காலமான மனைவியுடையது ஒன்று, மகன் வேண்டாமென்று வைத்துவிட்டுப்போன டேப்லெட் ஒன்று. கையில் இருப்பதையும் சேர்த்தால் நாலு. எல்லாம் சார்ஜ் ஏறுகின்றன. மனைவியுடையதைத் திறந்ததும் முகப்பில் அவள் எடுத்த படம்: கோணலாக ஒரு நாற்காலி, என் பாதி முழங்கால். அவள் படமெடுத்தால் அப்படித்தான் வரும்.

ஒவ்வொன்றிலும் பாட்டுச் செயலியில் தனித்தனியாகக் கணக்குத் தொடங்கினேன். ஒலியை அடைத்துவிட்டு ஓடவிட்டால் ஏமாற்று வேலை. அதனால் மெல்லிய சத்தம் வைத்து, அறைக்கு ஒன்றாக வைத்தேன். கேட்கத்தானே செய்கிறேன்?

நாலும் ஒன்றாகத் தொடங்கவில்லை. கூடத்தில் பல்லவி நடக்கும்போது சமையலறையில் சரணம். மாடியில் கேட் சத்தம் வரும். கொஞ்சம் கழித்துக் கூடத்தில் வரும். நான் டீ போடும்போது என் முதுகுக்குப் பின்னால் வரும். நாள் பூராவும் யாரோ வந்துகொண்டே இருப்பதுபோல்.

மார்ச் 25, செவ்வாய்

அவள் பக்கத்தில் எண்ணிக்கை ஏறுகிறது. வேறு யாரும் கேட்கிறார்களா, எல்லாம் நான்தானா? அதைப் பிரித்துப் பார்க்கும் வழி தெரியவில்லை.

இன்று அவள் ஒரு காணொளி போட்டிருக்கிறாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். "யாருன்னு தெரியல, எங்கேயோ உக்காந்து விடாம கேக்குறீங்க. ரொம்ப தேங்க்ஸ். இப்பதான் எனக்கு நம்பிக்கையே வருது" என்றாள். பெரிய பாட்டுத் தொகுப்பு ஒன்றில் சேர்ப்பதற்கு இந்தப் பாட்டைப் பரிசீலிக்கிறார்களாம். அதில் இடம் கிடைத்தால் முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் கேட்பார்களாம். முகமெல்லாம் சிரிப்பு.

யாருன்னு தெரியல. அப்படியே இருக்கட்டும். அதுதான் நல்லது.

அவள் பக்கத்தில் ஒரு குறை: அதே பெயரில் வேறு யாரோ ஒருவருடைய ஆட்டப் பாட்டுகள் நடுநடுவே கலந்து கிடக்கின்றன. நூலகத்தில் இப்படி நடந்தால் தலைமை நூலகர் உயிரை எடுத்துவிடுவார். அவளிடம் சொல்லலாம். எந்த முகத்தோடு சொல்வது? ஒரு நேயர் என்றா?

மார்ச் 30, ஞாயிறு

கேட் மோதியதும் எல்லாவற்றையும் வாரி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். ஒன்றை நிறுத்தவில்லை போலிருக்கிறது. நாங்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது சன்னமாகப் பாட்டு.

"என்னப்பா, அலமாரிக்குள்ள பாடுது?"

"ரேடியோ."

"ரேடியோவ எதுக்கு உள்ள வெச்சிருக்கீங்க?"

"தூசி படுது."

அவன் தலையாட்டினான். பாட்டு முடியும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தான். பிறகு வேலை இருக்கிறது என்று சீக்கிரம் கிளம்பிவிட்டான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பாட்டைக் காணவில்லை. நாலிலும் இல்லை. தலைப்பு மட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. அணைத்து அணைத்துப் போட்டேன். இணையம் சரியாகத்தான் இருக்கிறது. என்ன செய்துவிட்டேன்?

ஏப்ரல் 9, புதன்

அவள் எழுதியிருக்கிறாள். அவள் பாட்டுகளை எல்லாத் தளங்களுக்கும் கொண்டுசேர்க்கும் நிறுவனம் ஒன்று இருக்கிறதாம். அவர்கள் தகவல் அனுப்பியிருக்கிறார்கள்: பாட்டைச் செயற்கையாக ஓட்டி எண்ணிக்கையை ஏற்றியிருப்பது தெரியவருகிறது, ஆகவே பாட்டு நீக்கப்படுகிறது, மறுபடி நடந்தால் அவளுடைய எல்லாப் பாட்டுகளும் நீக்கப்படும். தொகுப்புக்காரர்களும் கைவிரித்துவிட்டார்கள். ஏமாற்றுக்காரி என்ற பெயரோடு.

'நான் காசு கொடுத்து ஆள் வைக்கவில்லை. யார் இதைச் செய்தார்கள் என்று எனக்குத் தெரியும்' என்று முடித்திருக்கிறாள்.

தெரியுமா?

ஏப்ரல் 11, வெள்ளி

மருமகள் ஃபோன் செய்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. திரையில் அவள் பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

"நான்தான் பேசறேன்."

"தெரியுதும்மா."

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். நீ எப்படி..."

"உங்க பையன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் பேசினா சண்டையில போய் நிக்கும். அதான் உங்களுக்குப் போட்டேன்."

"சொல்லும்மா."

"என் பாட்ட எடுத்துட்டாங்க. யாரோ மெஷின் மாதிரி ஓட்டியிருக்காங்க. எல்லாம் உங்க ஊர்லேர்ந்துதான். கணக்குல காட்டுது. அந்த ஊர்ல எனக்கு ஆகாதவர் வேற யாரு இருக்கா?"

"அவனா... அவன் அப்படியெல்லாம்..."

"வேற யாரு சொல்லுங்க. ஒரே வீட்ல உக்காந்து காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் என் பாட்ட எவன் ஓட்டுவான்? வேல வெட்டி இல்லாதவனா?"

நான் அலமாரிக் கதவைப் பார்த்தேன்.

"நிறுத்திக்கச் சொல்லுங்க. இன்னொரு தடவ ஆச்சுன்னா மொத்தமும் போயிடும். இத விட்டா எனக்கு வேற ஒண்ணும் இல்ல. அது அவருக்கே தெரியும்."

"சரிம்மா. சொல்றேன்."

வைத்துவிட்டாள்.

சரிம்மா, சொல்றேனாம். என்னத்தச் சொல்றது? என்ன மனுஷன் நான்? வாயத் தொறந்து 'நான்தாம்மா'ன்னு ஒரு வார்த்த வரல. பெத்த பிள்ளை தலையில தூக்கிப் போட்டுட்டு 'சரிம்மா'ன்னு. அவ குரல இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுட்டு இருக்கலாம்னு பாத்தேனா? சொன்னா வெச்சிடுவாளேன்னு பயந்தேனா? சொல்லாமயே வெச்சிட்டா.

என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. இப்போதுதான் கவனிக்கிறேன். முன்பெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை மாமா.

ஏப்ரல் 12, சனி

நாலையும் அணைத்து வைத்தேன். வீட்டில் சத்தமே இல்லை. சுவருக்குள் குழாய் மட்டும் முனகுகிறது. பதிவு செய்து அனுப்பத் தோன்றவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

மகன் வந்தான். கூடத்து விளக்கு எரியவில்லை என்று ஸ்டூல் போட்டு ஏறினான். "நல்லா பிடிச்சுக்குங்கப்பா" என்றான். பிடித்துக்கொண்டேன். அண்ணாந்து பார்த்தால் அவன் முகவாய் தெரிந்தது. காதோரம் நரை விழுந்திருக்கிறது. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனசுக்குள் ஒருவன் பிடித்துத் தள்ளினான். கீழே இறங்கட்டும் என்றேன். இறங்கினான். டீ குடிக்கட்டும் என்றேன். குடித்தான்.

"என்னப்பா ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. விளக்கு பளிச்சுன்னு இருக்கு."

ஏப்ரல் 16, புதன்

சொல்லவேண்டியதை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டுதான் அவளை அழைத்தேன். அவள் 'ஹலோ' என்றதும் எழுத்தெல்லாம் எறும்பாகிவிட்டது.

"சொல்லிட்டீங்களா அவர்கிட்ட?"

"அவன் இல்லம்மா. நான்."

"என்ன நீங்க?"

"பாட்ட ஓட்டினது. நாலு ஃபோன்ல." பிறகு, தவறான தகவல் ஆகிவிடக் கூடாதே என்று, "மூணு ஃபோன். ஒண்ணு டேப்லெட்."

இணைப்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"எதுக்கு?"

"திரும்பத் திரும்பக் கேக்கச் சொன்னாங்க. ஒரு வீடியோல. அது உனக்கு உதவின்னு... முறையா செஞ்சேன். இப்படி ஆகும்னு தெரியாது. அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல."

"ஒரு வருஷமா அந்தப் பாட்டுக்குப் பின்னால அலைஞ்சிருக்கேன்" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "ஒவ்வொருத்தர்கிட்டயா கெஞ்சி, தினம் ஒரு வீடியோ போட்டு, சிரிச்சு சிரிச்சு... உங்களுக்கு அது எப்படின்னு தெரியாது."

"தெரியாதும்மா."

"அத்த ஃபோன்லயுமா?"

"ஆமா."

"நான் அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

அப்புறம் என்பது எந்த நாள் என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

மகனிடம் சொன்னேன். கேட் மோதிய சத்தம் அடங்குவதற்குள், அவன் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு காலில் செருப்போடு கேட்டுக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு அலமாரியில பாடினது ரேடியோ இல்லன்னு எனக்குத் தெரியும்பா."

"அப்புறம் ஏண்டா கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவீங்க."

இதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிப்பதற்குள், "அவ நான்தான் பண்ணேன்னு நெனச்சாளா?" என்றான்.

"ஆமா."

"நீங்க சரின்னுட்டீங்க."

"சொல்றேன்னு மட்டும்தான்..."

"அஞ்சு நாள் அப்படியே விட்டு வெச்சிருக்கீங்க. நடுவுல நான் வந்தேன். ஸ்டூல்ல ஏறி பல்பு மாட்டிட்டுப் போனேன்."

"ஆமாடா."

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டான். போகும்போது கேட்டைச் சாத்தியது எனக்குக் கேட்கவே இல்லை. அவனுக்கும் சத்தமில்லாமல் சாத்தத் தெரியும் போலிருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

வரவில்லை. ஃபோனில், மாத்திரை சாப்பிட்டீர்களா என்று மட்டும்.

மே 4, ஞாயிறு

வரவில்லை.

மே 7, புதன்

அவளிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தி. நிறுவனம் மசியவில்லை. நீக்கிய அதே பதிவைத் திரும்ப ஏற்ற விடமாட்டார்களாம். புதிதாகப் பாடிப் பதிவு செய்தால் ஏற்கிறார்கள். ஒரு ஸ்டுடியோவில் நாள் வாங்கியிருக்கிறாள். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதன் கீழே: 'உங்க நாலு ஃபோனையும் தூக்கிப் போடுங்க. சரி, ஒண்ண வெச்சுக்கோங்க.'

அதன் கீழே: 'என் பக்கத்துல வேற யாரோட பாட்டோ வந்து கலந்து கிடக்கு. அவங்க பாட்டுன்னு வர்றவங்க என்னைத் திட்டிட்டுப் போறாங்க. தளத்துக்கு எழுதி எழுதி ஓய்ஞ்சுட்டேன். பாத்தா உங்க வேல மாதிரி இருக்கு. பாக்குறீங்களா மாமா?'

கடைசிச் சொல்லை அடிக்கும்போது கை தயங்கியிருக்குமா, பழக்கத்தில் வந்திருக்குமா? எதுவானாலும் இருக்கிறது. திரையில் இருக்கிறது.

மே 14, புதன்

ஒரு வாரமாக வேலை. எது அவள் பாட்டு, எது அந்த இன்னொருவருடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஆதாரத்தோடு பிரித்து எழுதினேன். அந்த ஆளின் பாட்டுகளும் மோசமில்லை, கால் தானாகத் தாளம் போடுகிறது. தளத்துக்கு அனுப்பினால் இயந்திரம் பதில் போடுகிறது: உங்கள் கடிதம் எங்களுக்கு முக்கியமானது. நானும் அதே மரியாதையோடு திரும்ப எழுதுகிறேன். பொறுமையில் அது என்னை ஜெயிக்க முடியாது.

மே 19, திங்கள்

பிரித்துவிட்டார்கள். அவளுக்குத் தனிப் பக்கம். அவளிடம் சொன்னேன். 'சூப்பர் மாமா' என்றாள். 'இனிமே ஒரு தடவ முழுசா கேளுங்க, போதும். பாதியில நிறுத்தாம கேக்குற ஆள்தான் எனக்கு வேணும்' என்றாள்.

நேற்றும் மகன் வரவில்லை.

மே 22, வியாழன்

புதிய பதிவை வெளியாகும் முன்பே எனக்கு அனுப்பியிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடவை முழுசாகக் கேட்டேன். சுத்தமாக இருக்கிறது. குரல் இன்னும் நன்றாகக்கூட இருக்கிறது. இரண்டாவது சரணத்தில் மூச்சு எடுக்கிறாள். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

அவளை அழைத்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். என் குரல் சரியில்லை போலிருக்கிறது, "என்ன மாமா, பிடிக்கலையா?" என்றாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். மழை, துண்டு, படிக்கட்டுக்குக் கீழே நின்றது. "அந்த கேட் சத்தத்துக்காகத்தான் கேட்டுட்டே இருந்தேன். நான் கெடுத்ததக்கூட நீ எடுக்காம விட்டிருந்தியே."



"அது நீங்க இல்ல மாமா."

"என்னம்மா?"

"மழையில நீங்க வந்தீங்களே, அன்னிக்குப் பாடின டேக்க அப்பவே அழிச்சுட்டேன். இது வேற நாள். அவர் ஆபீஸ்லேர்ந்து சீக்கிரம் வந்தாரு ஒரு நாள். சும்மா தோணுச்சு, வந்துட்டேன்னாரு. அந்தச் சத்தம். மிக்ஸிங் பண்றவர் எடுத்துடலாம்னாரு. நான்தான் இருக்கட்டும்னேன்."

"ஓ."

"நீங்க திறந்தா சத்தமே வராதே மாமா. எப்ப வந்தீங்க எப்ப போனீங்கன்னே தெரியாது."

குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பிறகு, "இப்ப அந்த இடம் எனக்கும் காலியாத்தான் கேக்குது" என்றாள். "கேட் அப்படியேதான் இருக்கா?"

"இருக்கு."

"மாடி ரூம்லேர்ந்து ஒரு தடவ பிடிச்சு அனுப்புறீங்களா?"

அனுப்புகிறேன் என்றேன்.

இரும்பு மோதும், பிறகு கிளிக். நாற்பது வருஷமாக அவன் வருகிற சத்தம். எப்படித் தெரியாமல் போனது எனக்கு? என்னுடையதாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான், வேறென்ன.

மே 23, வெள்ளி

செல்பேசியை மாடி அறையில் வைத்துவிட்டு, இறங்கிப் போய் கேட்டைத் திறந்து, ஏறி வந்து கேட்டேன். ஒரு ஸ்கூட்டர். ஒரு காக்கை. கேட் இல்லை. கொஞ்சம் ஓங்கித் திறந்தேன். கை தானாகப் பிடித்துக்கொள்கிறது. காலால் தள்ளிப் பார்த்தேன். கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். எதிர்வீட்டு அம்மா ஜன்னலிலிருந்து, "சாவிய உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வருகிறவன் திறப்பதுபோல் எனக்குத் திறக்க வரவில்லை.

மகனை அழைத்தேன்.

"ஞாயித்துக்கிழம வர முடியுமா? கேட்டத் திறக்க ஆள் வேணும்."

"கேட்டத் திறக்கவா? என்னப்பா ஆச்சு? மாட்டிக்கிச்சா?"

சொன்னேன். ஒன்றையும் விடாமல், என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டதையும் சேர்த்துச் சொன்னேன்.

"எந்த நாள்னு சொன்னாளா?"

"சும்மா தோணுச்சுன்னு சீக்கிரம் வந்தியாம்."

"ம்" என்றான். பிறகு, "வர்றேன்பா" என்றான்.

மே 25, ஞாயிறு

மகன் வந்தான். வரும்போது கேட்டைத் தள்ளவில்லை, கையால் திறந்து வந்தான். அந்தச் சத்தத்தை அதற்குள் செலவழித்துவிடக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ.

டீ குடித்தோம். "கீலுக்கு எண்ண விட்டுக் கெடுத்து வெச்சிருக்கீங்க" என்றான். "சத்தம் கீல்லேர்ந்து வரல, தூண்லேர்ந்து வருது" என்றேன். அவள் எந்த ஊரில் இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. பாட்டு எப்போது வெளியாகிறது என்று மட்டும் கேட்டான். வெள்ளிக்கிழமை என்றேன்.

நான் மாடி அறைக்குப் போனேன். மெத்தை இல்லை, சுவரில் அது சாய்ந்திருந்த இடம் மட்டும் நிறம் வேறாக இருக்கிறது. ஜன்னலைப் பாதி சாத்தி, போர்வையைப் போட்டு, செல்பேசியை மேசையில் வைத்தேன். அவன் தெருவில் கொஞ்ச தூரம் நடந்துபோய்த் திரும்புவது போர்வை விலகிய இடத்தில் தெரிந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். யாரும் பார்க்கிறார்களா என்று எதிர்வீட்டைப் பார்த்தான். பிறகு ஆபீஸிலிருந்து வருகிறவன்போல வேகமாக வந்தான்.

இரும்பு மோதியது. கிளிக்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதிவைப் போட்டுக் கேட்டேன்; எல்லாம் அப்படியே விழுந்திருந்தது, தூரமும் உட்பட.

"போதுமாப்பா?" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தான்.

"இன்னொரு தடவ வா" என்றேன்.

போனான். வந்தான். மறுபடி அண்ணாந்து பார்த்தான். முதல் தடவையே சரியாக வந்துவிட்டது என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை.

"இன்னொரு தடவ" என்றேன்.